ஜூனியின் உறுமல்

— கயித்தக் கீழ வச்சுட்டு உக்காரு மார்லிஸ். காபி ஆறிடப் போவுது.

— காபி வேண்டாம் ஓரின். உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. கயிறு என் கையிலயே இருக்கட்டும்.

— அதாவது வந்து... இன்னிக்கேவா?

— போன்லயே சொல்லிட்டேனே. நாளைக்குக் காலையில டாக்டர் வரச் சொல்லிட்டாரு. ஒரே ஊசி. தூங்குற மாதிரிதான் போயிடும்னாரு.

— தூங்குற மாதிரி! நல்லா இருக்கே. நம்ம ஜூனிய, அவ என்ன குத்தம் பண்ணான்னு கொல்றீங்க?

— பாரு, என்னை ராட்சசி ஆக்காத. நம்ம காப்பகத்துல ஒரு நாய்க்கு ஊசின்னா ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்காது, உனக்கே தெரியும். ஆனா ரெண்டு குடும்பம் எடுத்துக்க வந்துச்சு, ரெண்டு தடவையும் குழந்தை கிட்ட வந்ததும் உறுமுச்சு. போன ஞாயித்துக்கிழமை வந்த அந்த டீச்சரோட பையன் சட்டைக் கையையே கவ்விடுச்சு. நானும்தானே பாத்துக்கிட்டு நின்னேன்?

— சட்டையத்தானே கவ்வினா.

— அடுத்த தடவை முகமா இருந்தா? காப்பகத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். ஓக்லஹோமாலேருந்து வேன் நிறைய நாய்ங்க வந்து இறங்குதே, அதுங்கள எல்லாம் இந்தப் பனியில எங்க கொண்டு விடுறது?

— யாருக்கும் குடுக்க வேண்டாம். இங்கயே கெடக்கட்டும்.

— கமிட்டியில அதையும் கேட்டுப் பாத்துட்டேன். கடிக்கிற நாயை, வேற வீடு கெடைக்கிற வரைக்கும் வச்சுப் பாத்துக்குற உன்ன மாதிரி ஆளுங்க வீட்டுலயும் விடக் கூடாதாம். ஒருத்தர் விடாம கை தூக்கிட்டாங்க.

— அவ கடிக்கிற நாயே இல்ல மார்லிஸ். அதாவது வந்து... அவளா உறுமல. நான்தான் உறும வச்சேன்.

— நீ எப்படி உறும வைப்ப?

— இடுப்புல. கார் அடிச்ச இடம் இருக்குல்ல, கம்பி வச்சுத் தைச்ச பக்கம். புள்ளைங்க கிட்ட வர்றப்ப, தடவிக் குடுக்குற மாதிரி கைய வச்சு, கட்டை விரலால ஒரு அழுத்து. யாருக்கும் தெரியாது. திட்டித் தொலையேன்.

— அந்த இடுப்புக்கு நீதானேய்யா ராவும் பகலும் ஒத்தடம் குடுத்த?

— அதே கைதான்.

— இல்ல. நான் நம்ப மாட்டேன். நாயக் கூட்டிட்டுப் போக இந்தக் கயித்தோட வந்தாலே எல்லாரும் ஒரு கதை கட்டிடுறாங்க. போன வருஷம் ஒரு மனுஷன், கையில பல்லுத் தடம் பளிச்சுன்னு தெரியுது, வேலிக் கம்பி கிழிச்சிடுச்சுன்னு என் முன்னாடி சத்தியம் பண்ணாரு. இதக் காப்பாத்த நீயும் உன் மேலயே சேத்த அள்ளிப் பூசிக்கிற.

— பூசிக்கிறதுக்கு வேற நல்ல சேறா கெடைக்கல எனக்கு?

— அப்ப எதுக்குப் பண்ணின? 'நானே வச்சுக்குறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேனே!

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? இத்தனை வருஷத்துல எத்தனை நாயத் தேத்தி அனுப்பியிருக்கேன், ஒண்ணையாவது வச்சுக்கிட்டேனா? புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்குறது யாரு? 'ஒண்ண வச்சுக்கிட்டா அடுத்ததுக்குக் கதவச் சாத்திட்ட, நீ தோத்துட்ட'ன்னு நான்தானே சொல்றேன். கார்லா அந்த ஒத்தைக்கண்ணு நாய விட மாட்டேன்னு அழுது, தானே வச்சுக்கிட்டாளே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? கிறிஸ்துமஸ் விருந்துக்கு நீ கேக் கொண்டு வந்த. மேல க்ரீம்ல 'தோத்தாங்குளி கார்லா'ன்னு எழுதி. நாங்க எல்லாம் சிரிச்சோம். அவளும் சிரிச்சுக்கிட்டேதான் கோட்ட மாட்டிக்கிட்டுப் போனா. திரும்பி வரவே இல்ல.

— அந்தக் கேக்கு எனக்கும் வரும்னு பயந்துட்டேன். கேவலம், ஒரு கேக்குக்கு. ஜூனி உறுமினா வர்றவங்க வேண்டாம்னு போயிடுவாங்க, 'ஐயோ பாவம், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க'ன்னு சலிச்சுக்கிட்டே வச்சுக்கலாம்னு கணக்குப் போட்டேன். தோத்த பேரும் வராது, அவளும் இருப்பா. இப்படி ஊசில போய் நிக்கும்னு சத்தியமா நினைக்கல.

— அட பாவி மனுஷா.

— சோதிச்சுப் பாரு. வெளியில போய்ப் பெல் அடிச்சுட்டு வா. புள்ளைங்க பண்ற மாதிரி எல்லாம் பண்ணு. நான் ஜன்னலண்ட திரும்பி நின்னுக்கிறேன், கிட்டயே வரல.

— இந்த வயசுல என்னைய என்னென்ன பண்ண வைக்கிற. சரி, வர்றேன்... ஐ! நாய்க்குட்டி, நாய்க்குட்டி! இங்க வா! கழுத்தக் கட்டிக்கிறேன் பாரு! மூக்கக் கிள்ளுறேன்! வாலைப் பிடிச்சு இழுக்குறேன்!

— என்ன பண்றா?

— கொட்டாவி விடுறா. ஓரின், என் காத நக்குறா.

— நான்தான் சொன்னேனே! கேக்கு கொண்டா மார்லிஸ், பெருசா ஒண்ணு. என் பேரையும் எழுதிக்க. எல்லார் முன்னாடியும் நின்னு தின்னுறேன். கார்லா வீட்டு வாசல்லயும் போய் நிக்கிறேன். ஜூனிய நானே வச்சுக்குறேன்.

— இரு. எனக்கு இன்னொண்ணு பாக்கணும். நீ இங்க வா. வந்து இவளத் தடவிக் குடு.

— எதுக்கு? இனிமே செத்தாலும் அழுத்த மாட்டேன்.

— அழுத்த வேண்டாம். சும்மா கைய நீட்டு. நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்குறப்ப எப்படி இருப்பா?

— என் கால் மேலதான் தலைய வச்சுத் தூங்குவா. இந்தா பாரு... ஜூனி, என் கண்ணு...

— நிறுத்து. கையப் பின்னால எடு.

— நான் இன்னும் தொடவே இல்லையே!

— தொட வேண்டாம். வீட்டுக்கு ஆள் வந்திருக்கு, நீ கைய நீட்டுற. அவளுக்கு அது போதும். உறுமுறா, கேக்குதா உனக்கு?

— கேக்குது.

— டாக்டர வேண்டாம்னு சொல்லிடுறேன். கமிட்டிக்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்த டீச்சருக்கும் நானே போன் பண்றேன்.

— அப்ப நான், மார்லிஸ்?

— அவ புள்ளைங்களப் பாத்து ஒரு நாளும் உறுமல ஓரின். உன் கையப் பாத்துத்தான் உறுமியிருக்கா. அந்தப் பையன் சட்டை குறுக்க வந்துடுச்சு, அவ்வளவுதான். இவ என்கூட வரட்டும். தள்ளி நில்லு, கயித்த நான் மாட்டிக்கிறேன்.