ஏழாம் எக்பெர்ட்டின் கிண்ணம்

ஜனவரி மாதம், சாயங்காலம் நாலரை மணி. அதற்குள்ளேயே இருட்டிவிட்டது. அரண்மனையிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் காட்டுப்பாதையில் ஒரே ஒரு குதிரை வண்டி... உள்ளே மருத்துவச்சி வால்பர்கா, இங்கே கதை கேட்கும் நம் ஊர்சுலாவின் அம்மாவுக்குச் சின்னம்மா. மடியில், அந்த நாட்டை ஆளும் இளவரசரின் ஒன்பது நாள் பிள்ளை. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போவது மருத்துவச்சியின் உரிமை.

ஊர்சுலா, பயமாக இருந்தால் நெருங்கி உட்கார். கதவைச் சாத்திவிட்டேன்.

இளவரசரின் நாட்டைக் குதிரையில் சுற்றிவர ஒரு காலைப்பொழுது போதும். ஜம்பத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அந்த வம்சத்தில் ஆண்பிள்ளை எல்லாருக்கும் ஒரே பெயர், எக்பெர்ட். பிறந்த வரிசைப்படி எண். இவர் நாலாம் எக்பெர்ட். ஐந்தும் ஆறும் தம்பிகள். பிறந்ததும் ஒரு தடவையாவது அழுத பிள்ளைக்குத்தான் எண் உண்டு.

போன வருஷம் அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஒரே தடவை அழுதது, பூனைக்குட்டி மாதிரி... போய்விட்டது. வாசலில் இளவரசர் நின்றிருந்தார். கையில் ஞானஸ்நானப் பரிசாகச் செய்த வெள்ளிக் கிண்ணம். முன்கூட்டியே 'ஏழு' என்று பொறித்தாகிவிட்டது.

“அழலைதானே, வால்பர்கா?”

அழுதது என்றால் எண்ணும் பிள்ளையோடு மண்ணுக்குப் போகும். கிண்ணம் வீண்.

“அழலைங்க.”

பெயரில்லாமல், தேவாலய மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அன்றிலிருந்து வால்பர்காவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். மனசு மரத்துவிட்டது.

இப்போது வண்டியில் ஈரத்தோல் வாடை. பனியில் சக்கரம் நறநறவென்றது. திடீரென்று அழுகை...

“என்னக்கா, பிள்ளை இந்தக் கத்து கத்துது? பால் குடுத்தியா இல்லையா?” என்று கத்தினான் வண்டிக்கார லோரென்ஸ்.

குனிந்து பார்த்தாள். பிள்ளை அசந்து தூங்கியது. வாய் மூடியிருந்தது. அழுகை அவளுடைய இடது பக்கத்திலிருந்து வந்தது. காலி இருக்கை. பூனைக்குட்டி மாதிரி...

“பிள்ளை அழலைப்பா.”

சொன்ன பிறகுதான், அன்று சொன்ன அதே பொய் என்று தெரிந்தது. அழுகை நின்றது. இடது கை மட்டும் ஐஸாகிப் போனது.

தேவாலயத்தில் பாதிரியார் கேட்டார்: “பிள்ளை பேர் என்னம்மா?”

எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செத்ததுக்கு அதன் எண் கிடைத்துவிடும். அவளுக்கு வேலையும் வீடும் போகும். எதிரே இளவரசர், கையில் கிண்ணம்.

“ஏழாம் எக்பெர்ட்.”

தலையில் பனித்தண்ணீர் விழுந்தது. பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறந்து அவளுடைய இடது பக்கம் பார்த்தது. அதற்குப் பிறகு அது அழவே இல்லை, பேசவும் இல்லை.

வால்பர்கா ஆயாவாக அங்கேயே இருந்துவிட்டாள். கையுறை போட்டும் இடது கைக்குச் சூடு ஏறவில்லை.

பையனுக்கு ஆறு வயசானபோது சிலேட்டு கொடுத்தார்கள். “உன் பேரை எழுது, ராஜா,” என்றார் அப்பா. எழுதினான். எக்பெர்ட்... எட்டு.

“ஏழுடா, மக்கு! நீ எட்டுன்னா, ஏழு எவன்?”

பையன் பலப்பத்தை நீட்டிக் காட்டினான். வால்பர்காவை அல்ல. அவளுக்கு இடது பக்கம், பாவாடையை ஒட்டி, யாருமில்லாத இடம். அவளுடைய இடுப்பு உயரம்...

ஏழு வயசுப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உயரம்.