மூணாவது ஓலை

வஜ்ஜிரம் காய்ச்சுற வாடை உங்களுக்கு ஒத்துக்கிடாது ஐயரே, சன்னலோரமா உக்காருங்க. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, கொஞ்சம் நாறத்தான் செய்யும். பிடிலும் செல்லோவும் இதை வச்சுத்தான் ஒட்டுறது. தண்ணி பட்டா விட்டுக்கொடுத்துரும். அப்பத்தான் மரம் பிளக்காமப் பிரிச்சு வேலை பாக்கலாம்.

நாளைக்கு வேதக்கோயில்ல எனக்கும் கிருபைக்கும் மூணாவது கல்யாண ஓலை வாசிக்கப் போறீங்க. போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் வாசிச்சு முடிச்சு, இந்த விவாகத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு கேட்டீங்க. தெரிஞ்சவன் நான்தான். அதான் வரச்சொன்னேன்.

கிருபையோட மொதப் புருசன் பொன்னுதுரையும் நானும் நாசரேத்துல ஒண்ணாப் படிச்சவங்க. கொழும்புல ஒரே பட்டறையில வேலை. அந்தா மூலையில பெரிய பிடிலாட்டம் நெஞ்சு ஒசரத்துக்குச் சாஞ்சிருக்கே செல்லோ, அது இத்தாலியில செஞ்சது, இருநூறு வருசத்துப் பண்டம். தேயிலைத் தோட்டத்துத் துரைசானி ஒருத்தி கொண்டுவந்தா. மேப்பலகை நீளத்துக்கும் வெடிச்சிருந்துச்சு. மூணு மாசம் குத்தவச்சு, உள்பக்கமாப் பொடிப்பொடித் துண்டா மரம் வச்சு ஒட்டி, அந்த வெடிப்பை மூடினேன். நகத்தை வச்சுத் தேடினாலும் ஆம்பிடாது. பொன்னுதுரை என்ன செஞ்சான்? நரம்பை மாட்டி வாசிச்சுக் காட்டினான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் சீமைக்குக் கிளம்பின துரைசானி, "நீயே வச்சுக்கோ"ன்னு அவன் கையில கொடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு ஒரு தேங்க்ஸ். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

பட்டறையும் மூடிட்டாங்க. செல்லோவைப் பெட்டியில வச்சுப் பூட்டி, ரெண்டு பேரும் தூத்துக்குடிக்குத் தோணி ஏறினோம். ரெண்டாம் நாள் மத்தியானம் காத்து சட்டுனு திரும்புச்சு. பாய் கட்டுன கம்பு சுத்திவந்து பொன்னுதுரையைக் கடல்ல தள்ளிருச்சு. தண்ணியில்லாத தேரிக்காட்டு மணல்ல வளந்தவன், சரியா நீந்தத் தெரியாது. தோணி ஓட்டுற தண்டல் இஞ்ஞாசி என்னைப் பாத்து, "ஏலே, அந்தப் பெட்டியத் தூக்கிப் போடுலே, புடிச்சுக் கிடக்கட்டும்"னு கத்தினார். நான் செல்லோப் பெட்டி மேல குப்புறப் படுத்துக்கிட்டேன்.

உப்புத்தண்ணியில வஜ்ஜிரம் கரைஞ்சுரும் ஐயரே. பலகை வேற, பக்கம் வேறன்னு கழண்டுபோகும். இருநூறு வருசமா எத்தனையோ பேர் கை மாறிக் காப்பாத்துனதைக் கடல்ல போடுன்னா எப்படிப் போடுறது? தொழில் தெரிஞ்ச எவனும் போடமாட்டான். "வேதமணி, பெட்டி"ன்னு அவனும் ரெண்டு தடவை கூப்பிட்டான். தோணி திரும்பி வாரதுக்குள்ள முங்கிட்டான்.

இஞ்ஞாசி இப்பவும் பீச் ரோட்டுல எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவார். கிருபை அப்படி இல்ல. "அவுக போனாலும், அவுக உசிரா வச்சிருந்ததைக் கொண்டுவந்து சேத்தீகளே"ன்னு அழுதா. நாலு வருசமா அதையேதான் சொல்லுதா. செல்லோவை எனக்கே தந்துட்டா. போன மாசம் தன்னையும் தாரேன்னு சம்மதிச்சா.

பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்குமான்னு கேக்கீங்க. நல்ல கேள்விதான்.

போயிருக்காது. கிளம்புறதுக்கு மொத நாள் பொன்னுதுரை மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி, பெட்டி இடுக்கு பூராவும் அடைச்சான். நான்தான் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தொட்டித் தண்ணியில போட்டும் பாத்தோம். ஒரு சொட்டு உள்ள இறங்கல. "கடல்ல விழுந்தாலும் இது மிதக்கும்லே, நாமதான் முங்குவோம்"னு சிரிச்சான்.

மிதக்கும்னு தெரிஞ்சுதான் படுத்தேன் ஐயரே. அதைப் புடிச்சு அவன் ஏறி வந்துட்டா, அது அவன் செல்லோவாவேல்லா இருக்கும்.

கிருபைகிட்ட இதைச் சொல்லிராதீங்க. பாவம், தாங்கமாட்டா. உங்ககிட்ட ஒண்ணையும் ஒளிக்காமச் சொன்னதுல எனக்கு நெஞ்சுபாரம் இறங்கிருச்சு. தடைன்னு இருந்தது இது ஒண்ணுதான், அதுவும் இப்பத் தீந்துபோச்சு. நாளைக்கு நீங்க தைரியமா ஓலையை வாசிங்க.