கார்விக் கப்பலின் குண்டறை

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் வெர்னனின் பெரியப்பா ஓபெட்டுக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மாலை நாலரை மணி. உலகப் போர் நடந்த ஒரு ஜனவரியில், நடு அட்லாண்டிக்கில், அது கும்மிருட்டு. இந்தக் கரையின் விமானமும் எட்டாது, அந்தக் கரையின் விமானமும் எட்டாது... அப்படியொரு அநாதைக் கடல்வழி. முப்பத்தெட்டு சரக்குக் கப்பல்கள் போகின்றன. கூடவே காவலுக்கு ஐந்து சின்னப் போர்க்கப்பல்கள். அதில் ஒன்று கார்விக்.

கார்விக்கின் பூர்வ கதை ஒன்று உண்டு. முதல் வருஷத்திலேயே பதினோரு தடவை கடலைக் கடந்த கப்பல் அது. பன்னிரண்டாவது தடவை முன்பக்கத்தில் தீப்பிடித்தது. பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைக்கும் குண்டறையைத் தீ நெருங்கியபோது கேப்டன் உத்தரவு போட்டார்: அறையின் மூடியைப் பூட்டு, குண்டு வெடிக்காமல் இருக்க உள்ளே தண்ணீரைத் திறந்துவிடு. கப்பல் பிழைத்தது. உள்ளே குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பேசில் பிழைக்கவில்லை. மூடியைப் பூட்டியவன் ரோலி.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு மாதம் பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி காவலுக்கு அனுப்பினார்கள். பேசிலின் இடத்துக்குப் புதிதாக வந்தவன்தான் ஓபெட். வேலை என்னவோ சமையலறை எடுபிடி. ஆனால் அபாய மணி அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டுக் குண்டறைக்குள் இறங்க வேண்டும். பீரங்கிக்குக் குண்டு கேட்கும் வரை மூடியைப் பூட்டிவிட்டு மேலே காவல் இருப்பவன் அதே ரோலி. ஓபெட்டின் மனைவிக்கு அண்ணன். ஊரில், லூனன்பர்க்கில், அவளுக்கு அப்போது நிறைமாதம்.

அன்று மதியம் உருளைக்கிழங்கு உரிக்கும்போது ரோலி மெதுவாக ஆரம்பித்தான்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. பழுது பாத்து வந்ததுல இருந்து, நான் அந்த மூடி மேல உக்காந்தா... கீழ இருந்து தட்டுறான்."

"யாரு?"

"பேசில்தான். ரெண்டு தடவை தொறந்து பாத்தேன். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. மூணாவது தடவை தொறந்தா சிறையில போடுவேன்னு லெப்டினன்ட் சொல்லிட்டார். இப்பல்லாம் காதைப் பொத்திக்கிறேன்."

"அப்ப நான் தட்டினா?"

"நீ ஏன்யா தட்டப்போற? தங்கச்சி பின்னிக் குடுத்த கையுறையை மாட்டிக்கிட்டு சும்மா உக்காரு."

ஓபெட் சிரித்துவைத்தான்.

நாலரைக்கு அபாய மணி அடித்தது. கையில் இருந்த கோகோ குவளையோடு இறங்கினான். மூடி விழுந்தது. டக்... டக்... டக்... எட்டுத் தாழ்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அறை. சுற்றிலும் குண்டுப் பெட்டிகள். புதுப் பெயிண்ட் வாடை. அதற்கு அடியில் நனைந்த கரியின் வாடை... எத்தனை பெயிண்ட் அடித்தும் போகாதது.

எங்கேயோ பக்கத்தில் எதிரியின் நீர்மூழ்கி. அதைத் தகர்க்க, நீருக்கடியில் வெடிக்கும் வெடிகளைக் கார்விக் கடலுக்குள் தள்ளியது. முதல் வெடி தூரத்தில். இரண்டாவது கிட்டத்தில். மூன்றாவது தன் அடிவயிற்றுக்குக் கீழேயே வெடித்துக் கப்பலைத் தூக்கிப் போட்டது. விளக்கு அணைந்தது. ஏதோ குழாய் விட்டுப்போன சத்தம்... உஸ்ஸ்ஸ்... கணுக்காலைத் தண்ணீர் தொட்டது. பனிக்கட்டியை உருக்கி ஊற்றிய மாதிரி.

தடவித் தடவி ஏணியில் ஏறினான். குண்டறையில் இரும்பால் இரும்பைத் தட்டக் கூடாது என்பது சட்டம். சட்டமாவது ஒன்றாவது. குவளையால் மூடியை ஓங்கித் தட்டினான். கத்தினான். எஞ்சின் போடுகிற சத்தத்தில் குரல் எங்கே ஏறும்?

மேலே ரோலியின் பூட்ஸ் நகர்ந்தது. நின்றது. மூடி திறக்கவில்லை.

அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்... ஓபெட்டுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர். பிறகு நெஞ்சளவு. சொந்த மச்சான் ஒரு இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம். வாய்விட்டு அழுததை ஓபெட் பிற்காலத்தில் யாரிடமும் மறைத்ததில்லை. பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்து நினைத்துத் தட்டினான். கை மரத்துப்போயும் தட்டினான். கழுத்துக்கு வந்தது தண்ணீர்.

திடீரென்று தாழ்கள் தடதடவென்று கழன்றன. மூடி திறந்தது. ரோலி குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தான். அவனுடைய இடக்கையைப் பற்றிக்கொண்டு ஓபெட் மேலே வந்து விழுந்தான். பல்லோடு பல் கிட்டியது.

"ஏன் மச்சான் தொறக்கல?"

ரோலி திரும்பிப் பார்க்கவில்லை. படுத்தவாக்கிலேயே சொன்னான்.

"பேசில்னு நெனச்சுட்டேன் மாப்ள. எப்பவும் ஒருத்தன்தான் தட்டுவான். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு பேர் தட்டினீங்க. அதான் தொறந்தேன்."

உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன் என்று சொல்ல ஓபெட் வாயைத் திறந்தான். அப்போதுதான் கவனித்தான். ரோலியின் வலக்கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது, தோள் வரைக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கனமா இருக்கான்," என்றான் ரோலி. "வந்து ஒரு கை புடி."