எண்பது சதவீதத்தில் நின்ற படம்

— ஐயோ, முதல்ல அந்த ஸ்குரூ டிரைவரைக் கீழ வைங்க! அது லேப்டாப்புங்க, பஸ் இல்ல.

— கத்தாத. பதினோரு ஸ்குரூ. கழட்டின வரிசையிலயே தட்டுல வச்சிருக்கேன், பாரு.

— என் உயிரே அதுக்குள்ளதான் இருக்கு... அஞ்சு மணிக்குள்ள படத்தை அனுப்பணும். இப்ப மணி என்ன?

— ரெண்டே கால்.

— அனுப்பலன்னா போட்டோ கண்காட்சியில என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. நானூறு பேர்ல பன்னெண்டே பேரைத்தான் எடுத்திருக்காங்க!

— அந்தப் பன்னெண்டுல ஒருத்தி என் பொண்டாட்டி. எனக்குத் தெரியும். டிப்போல வாட்ச்மேன்ல இருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

— தம்பட்டம் அடிச்சாச்சா?

— பின்ன? இருபது வருஷமா பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கிடக்கறேன். நிமிர்ந்து நின்னு சொல்லிக்க இப்பதான் ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. சரி, சேவ் பண்ணும்போது என்ன ஆகுது? விவரமா சொல்லு.

— சுவத்துல மாட்டறதுக்குப் பெரிய சைஸா கேட்டிருக்காங்க. சேவ் குடுத்தா எண்பது சதவீதம் வரைக்கும் ஒழுங்காப் போகுது. அப்புறம்... அப்படியே உறைஞ்சு போயிடுது. காலையில இருந்து மூணு தடவை.

— மேடு ஏறும்போது மூச்சு வாங்குது.

— பஸ் பாஷை வேணாம்!

— சரி, லேப்டாப் பாஷை. மெமரி வெறும் நாலு ஜிபி. உன் படத்துல ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை லேயர் அடுக்கி வச்சிருக்க?

— அது வந்து...

— சொல்லு.

— அறுபத்தி மூணு.

— அறுபத்தி மூணா!

— ஒண்ணுல வெளிச்சம், ஒண்ணுல நிழல்... வேணாம்னு தோணினதைக்கூட மறைச்சுத்தான் வைப்பேன். அழிச்சுட்டு, அப்புறம் மனசு மாறினா?

— அந்த உடைஞ்ச குடையையும் இப்படித்தான் வச்சிருக்க.

— பேச்சை மாத்தாதீங்க. இது என்ன, ஃபேனுக்குள்ள பஞ்சு?

— உன் தலகாணிப் பஞ்சுதான். மடி சுடுதுன்னு தலகாணி மேல வச்சுத்தானே வேலை பார்க்கற? காத்து போற ஓட்டை பூரா அடைச்சுக்கிச்சு. சூடு ஏறினா லேப்டாப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும்.

— அப்ப தப்பு என் மேல...

— பாதி உன் மேல, பாதி தலகாணி மேல. தள்ளு, காத்து அடிக்கணும்.

— கடவுளே, சைக்கிள் பம்பா!

— மெதுவாத்தான் அடிப்பேன். பேட்டரி ஒயரைக் கழட்டியாச்சு. ஃபேன் சுத்தக் கூடாதுன்னு பல்குத்தற குச்சியைச் செருகி வச்சிருக்கேன் பாரு.

— இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?

— டிப்போ எதிர்ல ஒரு ரிப்பேர் கடை இருக்குல்ல? அவரு வேனுக்கு பிரேக் பார்த்துக் குடுத்தேன். அவரு எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாரு. மூணு சனிக்கிழமை.

— சனிக்கிழமை ஓவர்டைம்னு சொன்னீங்களே!

— ஆமா... அதுவும் ஒரு ஓவர்டைம்தானே.

— வீட்டுக்கு வாங்க... இல்ல, வீட்லதான் இருக்கீங்க. அப்புறம் பேசிக்கறேன்.

— பேசிக்கலாம். இந்தா, புது மெமரி. பழைய நாலை எடுத்துட்டு ரெண்டு எட்டு. சாய்ச்சு வச்சு அமுக்கணும்... டக்! கேட்டுச்சா?

— எனக்கு என் நெஞ்சு அடிக்கறதுதான் கேட்குது.

— மூடிட்டேன். பதினோரு ஸ்குரூ, ஒண்ணு கூட மிச்சமில்ல. ஆன் பண்ணு.

— ம்... வந்துடுச்சு. பதினாறு ஜிபி காட்டுது!

— இரு, குதிக்காத. டிஸ்க்கைப் பாரு, ரொம்பிப் போய் செவப்பா இருக்கு. மெமரி பத்தலன்னா இந்த சாஃப்ட்வேர் டிஸ்க்ல எடம் தேடும். அங்கயும் துளி எடமில்லன்னா எங்க போகும் பாவம்? நீ எடுத்த பழைய கல்யாணப் படத்தையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு மாத்து.

— மாத்தலாம், அழிக்கக் கூடாது.

— உன் படத்தை நான் அழிப்பேனா? எனக்கு வீட்ல சோறு வேணும்ல.

— மாத்தக் குடுத்துட்டேன், ஓடுது.

— என்ன, மாறிடுச்சா?

— முக்கால் மணி நேரமா இதையே கேக்கறீங்க. இப்பதான் முடிஞ்சுது. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

— எதுக்கு?

— படத்தைத் திறக்கப் போறேன். திரும்புங்க.

— சரி... ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்.

— அட, அதுக்குள்ள திறந்துடுச்சு! சேவ் குடுத்துட்டேன். முப்பது... ஐம்பது... எழுபது... எண்பது. ஏங்க, நிக்குது!

— எதையும் தொடாத. கையை எடு.

— நிக்குதுங்க... அதே எண்பது...

— நிக்கட்டும். மூச்சு விடு நீ.

— எண்பத்தி ஒண்ணு! தொண்ணூறு... நூறு! நூறு வந்துடுச்சுங்க!

— அனுப்பு, அனுப்பு.

— அனுப்பிட்டேன்... கிடைச்சதுன்னு பதிலும் வந்துடுச்சு. மணி நாலு இருபது.

— பார்த்தியா என் பொண்டாட்டியை!

— பார்த்தீங்களா என் மெக்கானிக்கை! இப்ப திரும்புங்க. ஆனா கோவிச்சுக்கக் கூடாது. போட்டோன்னா தூணுக்குப் பின்னாடி ஒளியற ஆளு நீங்க. கூடப் பொறந்த தங்கச்சி கல்யாணத்துல ஒரு படத்துல கூட இல்ல. அதான் கேக்காமயே எடுத்துட்டேன்.

— ம்.

— அன்னைக்கு டிப்போக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே... அவ்வளவு பெரிய பஸ், அதுக்கு அடியில இருந்து உங்க ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுல நீலச் சாக்ஸ், ஒண்ணுல பழுப்பு. இந்த மனுஷனை நம்பித்தானே அத்தனை சனம் தினமும் ஏறி உக்காருதுன்னு நெனச்சேன்... எனக்குப் பெருமை தாங்கல.

— ம்...

— என்ன வெறும் ம்? ஆச்சரியமாவே இல்லையா? ஏங்க... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— ஒரு மாசமா தினம் காலையில, நீ குளிக்கப் போனதும் அதைத்தான் திறந்து பார்க்கறேன். பாதி நாள் அது திறக்கறதுக்குள்ள நீ வெளிய வந்துடற. அந்த மெமரி உனக்காக வாங்கினது இல்லம்மா... எனக்காக வாங்கினது.