அப்பாவின் கையில் மயில் பூட்டு

சங்கு ஊதுகிறது. ரங்கூன் துறைமுகம். 1941, டிசம்பர் 23. காலை. நாங்கள் தங்கும் தகரக் கொட்டடிக்கு வெளியே பூட்டு.

"கதவ ஒடைங்கடா! பிளேன் வருது!"

எட்டுப் பேர் தோள் கொடுத்து இடிக்கிறார்கள். கதவு அசையவில்லை. முதல் குண்டு தூரத்தில். தரை முனகுகிறது. அடுத்தது நீண்ட விசில். தகரம் கிழிகிறது. கூரையோரம் ஒரு சந்து. ஒல்லியான உடம்பு ஒன்றுதான் நுழையும். அப்பா என்னைத் தூக்கித் தோளில் நிறுத்தினார்.

"ஏறுடா! திரும்பிப் பாக்காத!"

கூரை மேல் நிற்கிறேன். கீழே மேஸ்திரி ஓடுகிறார். எங்களைத் திருவரங்குளத்திலிருந்து வேலைக்குக் கூட்டிவந்து கப்பலேற்றியவர். முந்தின நாள் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்றார்கள். மேஸ்திரிக்குக் கப்பலில் மூட்டை இறக்க ஆள் வேண்டுமே. பூட்டிவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிறது. கத்தினேன். திரும்பிப் பார்த்தார். ஓடினார்.

குதித்துக் கல்லால் பூட்டை அடித்தேன். பித்தளை. நடுவில் மயில். திண்டுக்கல் பூட்டு. உடையவில்லை. கொட்டடி தீப்பற்றியது. உள்ளே சத்தம். பிறகு சத்தமில்லை.

அரக்கான் காடு வழியே நடந்து ஊர் சேர்ந்தேன்.

எங்கள் வம்சம் நார்த்தாமலையில் கல் உடைத்தது. தாத்தாவுக்குச் சில்லு தெறித்து ஒரு கண் போயிற்று. அப்பா கல்லை விட்டு மூட்டைக்குப் போனார். பள்ளிக்கூடம் பார்த்தவன் நான் ஒருவனே. அப்பா போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை.

இப்போது 1948. புதுக்கோட்டையில் படம் எழுதுகிறேன். இறந்தவர்களைப் படத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, கோட்டுப் போட்டு, கையில் புத்தகமோ ரோஜாவோ கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். கண்ணைக் கடைசியில் வைப்போம். குடும்பம் எதிரே நிற்கவேண்டும்.

நினைவிலிருந்து நான் எழுதிய அப்பா படத்தைப் பார்த்து, என்னைப் பெற்ற ஆத்தா கெஞ்சியது.

"வெறும் ஒடம்பா வேணாம்யா. கோட்டுப் போடு. மகராசனா இருக்கட்டும்."

"அந்தத் தோளு தெரியணும் ஆத்தா."

ஆத்தா படத்துக்குக் கிட்டே வந்தது. பிறகு விரலால் காட்டியது. "மூட்ட தூக்குன காய்ப்பு இன்னுங் கொஞ்சம் கழுத்துப் பக்கம்."

அந்த இடத்தில்தான் என் பாதம் நின்றது.

அந்த வாரம் மேஸ்திரி கடைக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, அறுபதாங் கல்யாணம் வருது. எம்படம் ஒண்ணு பெருசா வேணும். கையில புஸ்தகம் இருக்கட்டும்."

"நாளைக்கு வாங்க. ஒரு படத்துக்குக் கண்ணு வைக்கிறேன். பாத்துட்டுப் போகலாம்."

வந்தார். ஆத்தா எதிரே நின்றது. துணியை விலக்கினேன். இரண்டு கண்ணிலும் கறுப்பு வைத்தேன்.

மேஸ்திரி சிரித்தார். "மூட்ட தூக்குறவனுக்கு நாக்காலி ஒண்ணுதான் கொறச்சல்!"

பிறகு கையைப் பார்த்தார். புத்தகம் இல்லை. பூட்டு. மயில்.

"இது... ஏது தம்பி?"

"ஒங்களுதுதான் மேஸ்திரி. சாவி வச்சிருக்கீங்களா?"

செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார். ஆத்தா அதைத் தெருவில் எறிந்தது.

படம் கடை முகப்பில் தொங்குகிறது. அவர் இப்போது இங்கிட்டு வருவதில்லை. சுற்றிப் போகிறார். எனக்கு அது போதாது.

போனவர்கள்: அப்பா சின்னையா. அவர் தம்பி கருப்பன். மணமேல்குடிச் சூசை. ராசு, மாரி என்ற அண்ணன் தம்பி. சமைத்துப் போட்ட பழனி. பெயர் கேட்டுவைக்காத தெலுங்குக்காரர் இருவர். எட்டு உயிர். எரிக்க ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை.

பூட்டியவர் இருக்கிறார். அவர் படத்தையும் எழுதி முடித்துவிட்டேன். நாற்காலி, கோட்டு, கையில் சாவி. கண் மட்டும் பாக்கி. அவரும் போகும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.