தலைக்கு ஒரு பங்கு

தகரக் கூரையில் கல் விழுகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கல்லோடு கடையின் கண்ணாடி அலுமாரி நொறுங்குகிறது.

“பின்பக்கத்தால ஓடு! நான் வாறன்!” கணவர் கத்துகிறார்.

ஓடுகிறேன். வயிற்றில் ஏழு மாதம். 1977, ஆவணி. தெற்கில் தமிழர் கடைகளைத் தேடி அடித்த கலவரம். அவர் வரவில்லை.

கொழும்பு முகாம். கப்பல். காங்கேசன்துறை. கடைசியில் அவருடைய ஊர், வேலணை. அங்கே எங்களுக்கு வீடில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்தேன். பக்கத்துப் பாயில் சிவபாக்கியம் அக்கா. என்னைப் போல ஓடி வந்தவர். அவருக்கு எட்டு மாதம்.

கல்லெறிந்தவர்கள் பகைவர்கள். மண்டபத்தை நடத்தியவர்கள் எங்கள் ஆட்கள். நிவாரணக் கமிட்டித் தலைவருக்குச் சலவை வேட்டி, சந்தனப் பொட்டு. தினமும் இனத்தைப் பற்றிப் பேசுவார். பேச்சு முடிந்தால் எங்களுக்குச் சோறும் பருப்புத் தண்ணீரும்.

மருத்துவிச்சி சைக்கிளில் வந்தார். அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “இரத்தமே இல்லை. பாலும் முட்டையும் குடுங்கோ.” துண்டும் எழுதித் தந்தார். அதைத் தலைவரிடம் கொண்டுபோனேன்.

“தலைக்கு ஒரு பங்கு. வயித்துக்குள்ள கிடக்கிறதுக்குப் பதிவில்லை, பிள்ளை.”

“அண்ணை, அக்காவுக்கு எழும்பவே ஏலாது.”

“அந்தக் காலத்தில பெண்டுகள் பழஞ்சோறு திண்டு பத்துப் பெத்தவை.”

பத்தையும் தானே பெற்றவர் போலச் சொன்னார்.

எங்களுக்கென்று பால்மா நிறைந்த தகரப் பேணிகள் வந்திறங்கின. அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய மனிதர்கள் அகதிகளைப் பார்க்க வந்த நாளில்தான் பூட்டுத் திறந்தது. அவர்களுக்குப் பால் தேநீர். கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. இந்தப் பக்கம் அக்கா வலியில் பாயைப் பிறாண்டுகிறார்.

உள்ளே போனேன். மேசையிலிருந்த பேணியைத் தூக்கினேன்.

“ஏய்! வை அதை!”

வைக்கவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் என் கையைப் பிடிக்கத் தலைவருக்குத் துணிவில்லை. மானஸ்தர்.

கரைத்துக் கொடுத்தேன். அக்கா மூன்று மிடறு குடித்தார். பின்னேரம் பிள்ளை பிறந்தது. அழவில்லை. அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கமிட்டியின் வான் வண்டியைக் கேட்டோம். அது விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பி வந்தபோது ஏற்ற வேண்டியவர் இல்லை.

மிச்சப் பால்மாவை நான் குடித்தேன். ஒளிக்கவில்லை. வாசலில் இருந்து, தலைவர் பார்க்கக் குடித்தேன். அக்காவின் பங்கு என்று தெரிந்தே குடித்தேன். கடைசி மிடறு வரை விழுங்கினேன். என் மகள் நாலு றாத்தல் நிறையோடு பிறந்தாள். இருக்கிறாள்.

கமிட்டி இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. அதில் அக்காவின் பெயரே பிழை.

கடை போனது. கணவர் போனார், உடலும் கிடைக்கவில்லை. சிவபாக்கியம் போனார், வயது இருபத்தாறு. அவர் பெற்ற ஆண்பிள்ளை போனான், பெயர் வைக்கவில்லை. மண்டபப் பதிவு இடாப்பில் அன்று ஒரு பெயரைத்தான் வெட்டினார்கள். இறந்தவர்கள் இரண்டு பேர்.