நீங்க முதல்ல போங்க

ஐயோ, அந்தக் கைப்பிடியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா, கையோட வந்துடப் போகுது. ஓட்ட ஆளில்லாத ஷேர் கார்ல இதான் முதல் தடவையா? அதான் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே. நீங்களாவது பரவாயில்லை, வாயை மூடிக்கிட்டு பயப்படறீங்க. நான் ஊரைக் கூட்டிப் பயந்தவ.

நெசமாத்தான். எங்க குடியிருப்புல கூட்டம் போட்டாங்க, இந்தக் காரையெல்லாம் நம்ம தெருவுக்குள்ள விடலாமா வேணாமான்னு. முதல் ஆளா எழுந்து மைக்கைப் பிடுங்கினது யாருங்கறீங்க? இந்த மகராசிதான். ஸ்டியரிங் தானாச் சுத்தினா அதுக்குப் பேர் கார் இல்லை, பேய்னேன். பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவம்மா நான். அங்க வலியில கத்தறவங்களையே என் குரல் அடக்கிடும், இந்தக் கூட்டம் எம்மாத்திரம்? ஒரே கைதட்டல். நானும் தலைவி மாதிரி கும்பிட்டுக்கிட்டே உக்காந்தேன்.

அடுத்த வாரமே கண்ணுல கோளாறு. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்னுட்டாங்க. வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு, பையன் தூரத்துல இருக்கான். போன்லயே எல்லாத்தையும் அமுக்கச் சொல்லிக் குடுத்து, அம்மா, நம்பி ஏறும்மா, மனுஷனை விட மெஷின் ஒழுங்கா ஓட்டும்னான். வேற வழி? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுல யாரும் பாக்கறாங்களான்னு பாத்து, திருட்டுப்பூனை மாதிரி ஏறினேன். வழியெல்லாம் மெதுவாப்பா, மெதுவாப்பான்னு காலி சீட்டுக்குச் சொல்லிக்கிட்டே போனேன். இறங்கும்போது, நல்லா இருப்பா, உன் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திட்டு வேற இறங்கியிருக்கேன்! சிரிங்க, சிரிங்க. கைப்பிடியை விட்டுட்டீங்க பாருங்க.

ஆபத்தா? வந்துதே. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ஆபத்து இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு சந்து. ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் கட்டட வேலை, மணலும் சிமெண்ட் மூட்டையும். என் கார் உள்ள போகுது, எதிர்ல இன்னொரு ஆளில்லாத கார் வருது. ரெண்டும் நின்னுடுச்சு. இது விளக்கைச் சிமிட்டுது, நீங்க முதல்ல போங்கன்னு. அது சிமிட்டுது, இல்லையில்லை, நீங்க போங்கன்னு. இது கொஞ்சம் பின்னாடி போனா அதுவும் பின்னாடி போகுது. ரெண்டும் ஒண்ணா முன்னாடி வந்து, பதறிப்போய் மறுபடி நிக்குது. சம்பந்திங்க ரெண்டு பேர் வாசப்படியில மாட்டிக்கிட்ட மாதிரி அப்படியொரு மரியாதை!

எனக்குப் பொறுமை ஏது? கதவைத் திறந்து இறங்கி, எதிர் காரைப் பாத்து ஒரு பிடி பிடிச்சேன். கண்ணு தெரியலையா, பின்னாடி எடுய்யா, உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தாங்கறேன். கண்ணாடி மெதுவா இறங்குது. உள்ள ஒரு பெரியவர். அம்மா, நான் ஓட்டலைம்மாங்கறார், பாவமா.

எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு. அவரோ காதுல இருந்த மெஷினைத் தட்டிக்காட்டி, பாதிதான் கேட்டுது, மீதியைத் திருப்பிச் சொல்றீங்களான்னு கேக்கறார்! அப்புறம் சொன்னார், இதுங்க ரெண்டும் பேசி முடிக்க நேரமாகும்மா, வாங்க, நிழல்ல உக்காரலாம்னு. சிமெண்ட் மூட்டை மேல உக்காந்தோம். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவராம். அந்தக் காலத்துல லிஃப்டுக்குள்ள ஸ்டூல் போட்டு ஒருத்தர் உக்காந்திருப்பார், அவர் இல்லைன்னா ஜனங்க படியிலதான் ஏறுவாங்க, பயம். இப்ப யாராவது அவரைத் தேடறாங்களான்னார். மைக்கைப் பிடிச்சு முழங்கினவ நான்! கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைக்க ஆரம்பிச்சேன்.

கம்பெனி ஆள் ஸ்கூட்டர்ல வந்து ஒரு காரை நகர்த்திவிட்டான். ஏன்யா இவ்வளவு சீக்கிரம் வந்தேன்னு அவன் மேல எனக்குக் கோவம். அப்பவே உஷாராகியிருக்கணும்.

அப்புறமென்ன, அவர் காதுக்கு ஆஸ்பத்திரி, எனக்குக் கண்ணுக்கு ஆஸ்பத்திரி. நாளெல்லாம் தானா ஒத்துப்போச்சு. கண்ணு குணமாயிடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் நிக்கலை. இதுல டிரைவர் இருந்திருந்தா, பாட்டிக்கு என்ன பவுடர் வேண்டிக்கிடக்குன்னு கண்ணாடியில பாத்திருப்பான். இந்தக் கார் எதையும் கண்டுக்காது. பேய்னு திட்டின வாயாலேயே சொல்றேன், தங்கமான வண்டி.

பையன்கிட்ட ஒரு நாள் பேச்சோட பேச்சா விட்டுப் பாத்தேன், ஒருத்தர் இருக்கார், நல்ல மனுஷன்னு. அவன் கேக்கறான், யாருன்னே தெரியாத ஆளை எப்படிம்மா நம்பறேன்னு. யாருமே இல்லாத காரை நம்புன்னு சொன்னவன் அவன்தாம்மா! அன்னிக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரலை. போதும்டி, இந்த வயசுல உனக்கு இது தேவையான்னு என்னையே திட்டிக்கிட்டு, வெளியில போறதை நிறுத்திட்டேன். போன் வந்தாலும் எடுக்கலை.

ஒரு நாள் எங்க வாசல்ல ஒரு கார் வந்து நிக்குது. இறங்காம உள்ளயே அவர். நிக்கற நேரம் முடிஞ்சதும் கார் அவரை இறக்கிவிட்டுட்டுப் போயிடுச்சு. உடனே இன்னொண்ணு வரவழைச்சு அதுல ஏறி உக்காந்தார். அதுவும் இறக்கிவிட்டுட்டுது. மறுபடியும் ஒண்ணு. மாடி ஜன்னல்லாம் திறந்துக்கிச்சு. மானம் போகுதேன்னு கீழ ஓடினேன். கண்ணாடியை இறக்கி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். நீங்க போங்க, நீங்க போங்கன்னு நாமளும் நின்னுக்கிட்டே இருந்தா, நம்மள நகர்த்திவிட எந்தக் கம்பெனி ஆளும் வர மாட்டாங்கன்னு.

ஏம்மா, உங்க கண்ணு ஏன் கலங்குது? எனக்கா? எனக்கு அது ஊசி போட்ட கண்ணு, அப்படித்தான் இருக்கும்.

பையன்கிட்ட நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னும் ஒண்ணும் சொல்லலை. போனை மடியிலேயே வச்சிருக்கேன், பாக்கறீங்கள்ல. பேசுவான். பேசலைன்னாலும் என் பிள்ளைதானே, எங்க போயிடப்போறான்.

அதோ, அந்த மஞ்சள் கட்டடம்தான் நான் இறங்கற இடம். ரிஜிஸ்டர் ஆபீஸ். ஆமாம்மா, இன்னிக்குத்தான் கல்யாணம். அவரோட தங்கச்சியும் தங்கச்சி புருஷனும் ரெண்டு சாட்சி. மூணாவது சாட்சியா வர்றேன்னு சொன்ன பக்கத்து வீட்டுக்காரம்மா காலையில தலைவலின்னுட்டா. வலி தலையில இல்லை, போகக்கூடாதுன்னு தடுத்த மருமகள்கிட்ட. அதான், நீங்க ஏறினதுலேர்ந்து எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம வளவளன்னு பேசிக்கிட்டே வந்துட்டேன். உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லையே? அடையாள அட்டை கையில இருக்கில்ல?

அப்ப இறங்குங்க. அதோ, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரே, அவர்தான்.